முதலில் அம்மாவுக்கு

ஜனவரியில் உலான்பாத்தரில்
எட்டரை ஆனாலும் விடிவதில்லை.
கூடாரங்களின் புகைபோக்கிகளிலிருந்து
எழுந்த நிலக்கரிப் புகை
மேலே போக மனமின்றி
துவைக்காத போர்வையாய்ச் சரிவெங்கும் கிடக்கிறது.
எங்கள் மருத்துவ நிலையக் கதவின் கீல் உறைந்திருக்கும்;
தோளால் இடித்துத்தான் திறப்பேன்.

வரிசை எனக்கு முன்பே வந்திருக்கும்.
எல்லோரும் அம்மாக்கள்.
ஒருத்திகூடத் தனக்காக வந்தவளில்லை.
ஓர் இருமலை இடுப்பில் தூக்கிக்கொண்டு,
ஒரு காய்ச்சலைக் கையில் பிடித்துக்கொண்டு,
மாமனாரின் மருந்துச் சீட்டைக்
கையுறைக்குள் மடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்று நரங்கெரெல்.
நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
அதிகாலை ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே
நாற்பது நிமிடம் கடன் வாங்கி வந்திருந்தாள்.
கோட்டுப் பையில் பாதி கடித்த ரொட்டி.
பக்கத்தில் மகன் பில்கூன், ஏழு வயது,
பத்து நாள் இருமல்.
சட்டையைத் தூக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான்.
மேசைமேல் இருந்த பட்டையைக் காட்டி
அது என்ன செய்யும் என்று கேட்டான்.
கையைக் கட்டிப்பிடிக்கும் என்றேன்.
"அப்படியானால் முதலில் அம்மாவுக்கு."

விளையாட்டாகத்தான் கட்டினேன்.
நூற்று எழுபத்தொன்று.
கருவி பொய் சொல்லும், எனக்குத் தெரியும்.
பழையது; குளிரில் அதற்கும் கோபம் வரும்.
"ஐந்து நிமிடம் சும்மா இருங்கள்.
பாதத்தைத் தரையில் ஊன்றி,
பேசாமல்."

சும்மா.
தவறான முகவரிக்கு வந்த பொட்டலத்தைப் போல
அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டாள்.
முதல் நிமிடம் மகனின் மூக்கைத் துடைக்கப் போனாள்; தடுத்தேன்.
இரண்டாவதில் பணிமனையிலிருந்து கைபேசி அதிர்ந்தது;
பில்கூன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.
மூன்றாவதில் கண் செருகி
சுவரில் சாய்ந்து தூங்கியே போனாள்,
இரண்டு கையும் ஸ்டியரிங் பிடித்த வாக்கில்.

வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.
கடைசியில் நின்ற ஒருத்தி
தன் குழந்தையின் இருமலைத் தோளில் பொத்திக்கொண்டாள்.
ஐந்து நிமிடம் போனது. நான் எழுப்பவில்லை.
ஒன்பதாவதில் பட்டை இறுக்கித்தான் விழித்தாள்.
நூற்று அறுபத்தாறு.

பையன் அதற்குள் தானாகவே சட்டையைத் தூக்கியிருந்தான்.
வெறும் சளிதான்.

அவளுக்கு டாக்டர் மாத்திரை எழுதினார்.
நான் தேநீரைப் பற்றிக் கேட்டேன்:
பாலும் உப்பும் போட்டுக் கொதிக்கிறதே,
அதற்கு எத்தனை கரண்டி உப்பு?
சிரித்தாள். "கரண்டியா? கைதான்.
உப்பில்லாமல் வைத்தால் வீட்டுக்காரர்
கோப்பையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விடுவார்."
கையில் பாதி போடுங்கள் என்றேன்.
எந்தப் பாதி என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து
பில்கூன் முன்னால் ஓடிவந்தான்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் கட்டம் போட்டிருந்தான்:
அம்மா சும்மா இருந்த நிமிடங்கள்.
செவ்வாய், மூன்று. புதன், ஒன்றுமில்லை.
வியாழன், ஒன்றரை; பிறகு தம்பி பாலைக் கொட்டினான்.
ஞாயிறு, பதினொன்று. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.
தேநீரைக் குடித்துவிட்டு அப்பா சொன்னதையும் எழுதியிருந்தான்;
இங்கே சொல்லக்கூடியதல்ல.
ஆனால் இரண்டாவது கோப்பை கேட்டாராம்.

நூற்று ஐம்பத்திரண்டு.
இன்னும் அதிகம்தான் என்றேன்.
"தெரியும்" என்று ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.
அடுத்து நின்றவளைக் கூப்பிட்டேன்.
எனக்கொன்றுமில்லை, குழந்தைக்குத்தான் என்றாள் அவள்.
பில்கூன் அதற்குள்
நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டான்.
அதில் ஒரு கால் ஆடும்.
ரொம்ப நாளாகவே ஆடுகிறது.