முதுகில் முகம்

மெர்குயித் துறையில் அன்று கூடை வழிய நண்டு.
அரிசி இல்லை, தேங்காய் இருந்தது.
கேப்டன் இசோபே சட்டியின் மூடியைத் திறந்தான்,
உடனே மூடினான்.
கொல்லைப்பக்கம் அவன் ஓங்கரிக்கிற சத்தம்.
உப்புக் கூடிப்போச்சோ என்று
நான் கரண்டியை நக்கிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

பிறகு கூப்பிட்டான். காசுபாரு, வா.
கஸ்பார் என்று அவன் வாயில் வராது.
சமைக்காத நண்டு ஒன்றைத் தூக்கி
என் மூக்குக்கு நேரே பிடித்து அவன் சொன்னதை
சான் ம்யா பர்மியப் பேச்சாக்க,
நான் அதைத் தூத்துக்குடித் தமிழுக்குள் இழுத்துப்போட,
வழியில் சிந்தியது போக மிச்சம் இது:

எழுநூற்றைம்பது வருஷம் இருக்கும்.
நாட்டுக்கு ராஜா உண்டு,
ராஜாவுக்கு மேலே ஒரு குலம் உண்டு.
துறைமுகம் மாமனுக்கு, சுங்கம் மச்சானுக்கு,
மகள் வயிற்றுப் பேரன்
பால்பல் விழுமுன் அரியணைக்கு.
இருபது வருஷம் அப்படி.
பிறகு கிழக்கிலிருந்து வெள்ளைக்கொடிகள் இறங்கின.
தங்கள் மாளிகைக்குத் தாங்களே தீவைத்துவிட்டு
சிவப்புக்கொடியோடு படகேறினார்கள்.
இசோபே பிறந்த ஊருக்கு எதிரே, குறுகலான கடல்.
காலையில் நீரோட்டம் அவர்கள் பக்கம்.
மத்தியானம் திரும்பிவிட்டது.
கடல் கட்சி மாறினால் யாரிடம் மனுக்கொடுக்க?
எட்டு வயசு ராஜாவை மார்போடு அணைத்து
ஒருத்தி குதித்தாள்.
அண்ணனும் தம்பியும்
கவசத்தின்மேல் நங்கூரத்தைக் கட்டிக்கொண்டு
கைகோத்துப் போனார்கள்.
அவர்கள்தான் இது, என்றான்,
புருவம் பார். இறுகின வாய் பார்.

பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது சிலுவை.
எங்கள் கரையில் இதற்குப் பேரே சிலுவை நண்டு.
புயலில் கைதவறிய புனிதரின் சிலுவையைக்
கவ்விக் கரைசேர்த்த ஜாதி என்பார்கள்.
அதற்காகத் தின்னாமல் விட்டதில்லை,
வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாகவே தின்போம்.

இரவில் பாத்திரம் துலக்கும்போது கேட்டேன்:
அந்தப் படகுகளில் சமைத்தவன் என்ன ஆனான்?
சான் ம்யா தயங்கினான், பிறகு கேட்டும்விட்டான்.
இசோபே யோசித்தான்.
நிஜமாகவே யோசித்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.
சமையல்காரனைப் பற்றித் தெரியாதாம்.
துடுப்புப் போட்டவர்களை
முதலில் அம்பெய்து கொன்றார்கள், அது தெரியுமாம்.

ஆகஸ்டு மழையில் செய்தி வந்தது.
வானொலி முன்னால் அவன் நின்ற நிற்பை
சன்னல் வழியே பார்த்தேன்.
புருவம் நெரிந்து, வாய் இறுகி,
அட, அதே ஓடு.
எனக்கு ஐந்து மாசச் சம்பளம் பாக்கி.
கட்டுக்கட்டாக நோட்டு தந்தான்,
இரண்டு கையாலும், குனிந்து.
அடுப்பு மூட்ட ஒரு வாரம் வந்தது.
வாளை ஒப்படைக்க ஜெட்டிக்கு நடந்தபோது
அவன் பூட்ஸில் கயிறு இல்லை.

புதிதாக வந்த துரைக்கு நண்டென்றால் உயிர்.
மிளகு தூக்கலாக இருக்கட்டும் என்கிறான்.
கூடையைக் கவிழ்த்துப் புரட்டுகிறேன்:
சிலுவை, முகம், முகம், மறுபடி சிலுவை,
நடுவே எதுவும் எழுதாத ஓடு ஒன்று.
அதை மட்டும் கொஞ்சநேரம்
கையில் வைத்திருந்தேன்,
விரலைக் கவ்வும்வரை.