ரெண்டு புள்ளி

ஆகஸ்டில் வந்த முதல் சாம்பிளில்
ப்ரூக்லர் என்ற பேருக்கு மேலே
இரண்டு புள்ளி இருந்தது.
ஃபிலிமில் ஒட்டிய தூசு என்று நினைத்துத்
தின்னர் துணியால் துடைத்துவிட்டார்
டேபிள் பிரிண்டிங் நாச்சிமுத்து.
நானூறு முதுகு அச்சாகிக் காய்ந்த பிறகு
ஜெர்மனியிலிருந்து மெயில்:
புள்ளி எங்கே?

நம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
அவர்களுக்கு ரெண்டு வைத்தால்தான்
ஆளுக்கே உயிர் வரும்போல.
நானூறையும் நான்தான் எண்ணித் தள்ளினேன்,
செக்கிங் மேசையில், டியூப்லைட்டுக்குக் கீழே.

அப்படித்தான் அந்தக் கிளப் எனக்குப் பழக்கம்.
சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி
அவர்கள் ஊரில் மத்தியானம்; விசில் ஊதுவார்கள்.
இங்கே அனுப்பர்பாளையத்தில்
கவர் பிரித்துச் சம்பளம் எண்ணுவோம்.
பேக்கிங் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து
ஒடிசாப் பையன் பிரபுல்லா விரல் காட்டுவான்:
ஒன்று, ரெண்டு.
கையை விரித்தால் தோல்வி.
எங்களுக்குள் முதலில் அவ்வளவுதான் பாஷை.

அக்டோபரில் லீக்கில் பதினாலாவது இடம்.
ரிப்பீட் ஆர்டர் பாதியாச்சு, கவரும் மெலிந்தது.
எங்கேயோ ஒருத்தன் கம்பத்துக்கு வெளியே உதைக்க
என் மகன் டியூஷன் ஃபீஸ் தள்ளிப்போனது.
சிரிப்பாத்தான் இருக்குது, ஆனா நெசமுங்க.

நாட்டுக் கோப்பையில் ரெண்டாம் சுற்றிலேயே
பேர் தெரியாத ஊர்க்காரர்களிடம் தோற்றார்கள்.
மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினான் பிரபுல்லா:
பல்லடத்தில் பாதிகூட இல்லை அந்த ஊர்.

ஆனால் ஐரோப்பாவில் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.
வியாழன் நைட் ஷிப்ட், மணி ஒன்றரை.
போர்ச்சுகலில் ஜெயித்தார்கள். துருக்கியில் டிரா.
கார்த்திகைக் குளிரில்
அயர்ன் டேபிள் ஆவியில் கை காட்டி நின்றபோது
தொண்ணூற்றி நாலாவது நிமிஷம்
ப்ரூக்லர் அடித்தான்.
எட்டு ஓவர்லாக்கும் ஒருசேர நின்றன.
மாடியிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்:
"கரண்டு போச்சா?"

மே மாசம் ஃபைனல்.
மூவாயிரம் பீஸ்; நெஞ்சில்
அவர்கள் பாஷையில் சாம்பியன்.
ஆடுவதற்கு ஒன்பது நாள் முன்னாடியே
ஜெயிக்கவைத்து மடித்து வைத்துவிட்டோம் அவர்களை.
கோயமுத்தூரிலிருந்து விமானத்துக்குச் சொல்லியாச்சு.
பெட்டியில் சிவப்பு மார்க்கர் எழுத்து:
சொல்லும்வரை அனுப்பாதே.

விடியக்காலை மூன்றே கால். பெனால்டி.
ப்ரூக்லர் நடந்து போனான்,
முதுகில் அந்த ரெண்டு புள்ளியோடு.
பிரபுல்லா விரல்களை மடக்கியே வைத்திருந்தான்,
ரொம்ப நேரம்.
பிறகு விரித்தான்.

காலையில் மெயில்: வெட்டி, போட்டோ அனுப்பவும்.
சம்பூரணமும் நானும்
மூவாயிரம் நெஞ்சையும் குறுக்கே வெட்டினோம்.
வெட்டுக்கும் பீஸ் ரேட் உண்டு, நாற்பது பைசா.
வேஸ்ட் கடைக்காரர் கிலோ போட்டு எடுத்துப் போனார்.
சிங்காநல்லூரில் ஏதோ ஒரு லேத் பட்டறையில்
இந்நேரம் கிரீஸ் துடைத்துக்கொண்டிருக்கும்
சாம்பியனில் ஒரு பாதி.

லீக்கில் கடைசியாக ஏழாவது.
அடுத்த வருஷமும் ஐரோப்பா போவதற்கு
ரெண்டு புள்ளி குறைச்சல் என்றான் பிரபுல்லா,
இப்போது தமிழிலேயே.
எனக்கு அந்தத் தின்னர் வாசம் வந்தது.

ஜூனில் புது சாம்பிள்.
சிவப்பில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடியிருக்கிறது;
சாயப்பட்டறைக்கு மூன்று தடவை போய் வந்தது துணி.
ப்ரூக்லரை விற்றுவிட்டார்களாம்.
வந்திருக்கும் பேர் மொட்டையாக இருந்தது,
மேலே ஒன்றுமில்லை.

நாச்சிமுத்து ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
என்னைக் கூப்பிட்டார்:
"அம்மிணி, சித்தெ பாத்துச் சொல்லு,
இதுல எங்கியாச்சும் புள்ளி வரோணுமா?"