ஆறு இருபது

காற்று மிஞ்சும் நாட்களில் புந்தா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படிக் கயிறு கட்டிய ஒரு வியாழக்கிழமை
ஒத்திலியா இந்த நாயைக் கொண்டுவந்தாள்,
ஒரு சிறுமியின் ஸ்வெட்டரில் சுற்றி.

பெயர் பாந்த்ரூகா.
சூப்பில் மிதக்கும் மாவுத்துண்டுக்கு இங்கே அதுதான் பெயர்.
வைத்தது அந்தச் சிறுமி.
அவளும் அம்மாவும் இரவோடிரவாக வடக்கே கப்பலேறினார்கள்.
போய்ச் சேர்ந்த விடுதியில் நாய்க்கு இடமில்லை.

அவன்? என்று கேட்டேன்.
“இருக்கிறான். கப்பல்துறையில்தான் வேலை.
நல்ல உயரம்.”
சொல்லிவிட்டு என் கைகளைப் பார்த்தாள்.
படிவத்தை என் மனைவியிடம் நீட்டினாள்.

முதல் மாதம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடியிருந்தது.
நெலிதா தரையில் உட்கார்ந்து
தன்பாட்டுக்குப் பட்டாணி உரிப்பாள்.
அவள் முழங்கால்வரை வரும்.
நான் நுழைந்தால்
அது இருந்த இடத்தில் கொஞ்சம் சூடு மட்டும் இருக்கும்.

நான் ஒன்றும் செய்யவில்லை.
இருபத்தாறு வருடம் இரும்பை ஒட்டவைத்தவன்,
ஒரு காது பாதி போனவன்,
அதனால் உரக்கப் பேசுவேன்.
கதவை மூடினால் மூடியது எனக்குத் தெரிய வேண்டும்.
அவ்வளவுதான்.

ஒரு மாலை உடைமாற்ற பெல்ட்டை உருவினேன்.
கொக்கி ‘கிணிங்’ என்றது,
தேநீர்க் கரண்டி கோப்பையில் படும் அளவுதான்.
நாய் அலறவில்லை. ஓடவில்லை.
தரையோடு தரையாகிக் கண்ணை மூடிக்கொண்டது,
சீக்கிரம் முடியட்டும் என்பதுபோல.
அதனடியிலிருந்து ஈரம் மெல்லப் பரவி வந்து
என் கால்விரலைத் தொட்டது.

மறுநாளிலிருந்து
பெல்ட்டை விறகுக் கொட்டகையிலேயே கழற்றுகிறேன்.
மழையானாலும் பனியானாலும்
கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி
பன்னிரண்டு எட்டு, வீட்டுக்கு.
பக்கத்து வீட்டு தெலெஸ்ஃபோரோ சிரித்தான்.
சிரிக்கட்டும்.
பூட்ஸும் அங்கேயே. இருமலையும்
அங்கேயே இருமித் தீர்த்துவிடுவேன்.

சாவி ஒன்றுதான் பாக்கி.

ஆகஸ்டில் ஒரு நாள்
சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கி
ஓசையில்லாமல் கதவைத் திறந்தேன், நாயை ஏமாற்ற.
நாய் ஏமாந்தது.
ஆனால் கூடத்தில்
என் மகள் தானிட்சா சிரித்துக்கொண்டிருந்தாள்,
கால்களை சோஃபாவின் முதுகில் போட்டு
தலைகீழாகத் தொங்கி, வாய் நிறைய ரொட்டியோடு.
நெலிதா யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.
கனத்த நடை. தூக்கிய முகவாய். சுவரிடம் ஓர் அதட்டல்.
யாரை என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

பதினாறு வருடம் வளர்த்த பெண்
இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு பார்த்துவிட்டார்கள்.
டிவி சத்தம் குறைந்தது. கால்கள் இறங்கின.
“சூப் சூடாக இருக்கிறது,” என்றாள் நெலிதா.
பயந்தார்கள் என்று சொல்ல முடியாது.
எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனது, அவ்வளவே.
கடிகாரத்தில் ஆறு இருபது.

நான் யாரையும் அடித்ததில்லை.
அன்றிரவு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னேன்.
ஒரே ஒரு தடவை ஒரு தட்டு, அதுவும் சுவர்மேல்.
இருட்டிலிருந்து இரண்டு கண்கள்
என் வார்த்தைகளை விட்டுவிட்டு
குரலை மட்டும் கவனித்தன.
குரலைத் தணித்தேன்.
தணித்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

இப்போது கொட்டகையிலிருந்தே சாவியைக் குலுக்குகிறேன்,
மூன்று தடவை, மெதுவாக.
பதுங்கி வருவது நல்லதில்லை என்று பட்டது.
இன்னும் டிவி தணிகிறது.
தானிட்சா ஒரு காலை இறக்குகிறாள்.
மற்றது அங்கேயே இருக்கிறது.

நேற்று உள்ளே காலெடுத்து வைத்தால்
பாந்த்ரூகா நடைவழி நடுவில்.
என் காலுறையை மோந்தது.
திரும்பி, முதுகை எனக்குக் காட்டி
உட்கார்ந்துகொண்டது.

ஒரு கையில் சாவி.
மறு கையில் நழுவும் கால்சட்டை.
பின்னால் கதவு திறந்தே கிடக்கிறது, காற்று வீடெல்லாம் புகுகிறது,
கதவைச் சாத்தச் சொல்லி
யாரும் கத்தவில்லை.