கெடு

செக்காலை ரோட்டில், நகைக்கடன் கடைக்கு மேல்மாடி.
இரண்டு கணினி, ஒரு யுபிஎஸ்,
ஏசி சொட்டும் நீருக்கு ஒரு பெயிண்ட் வாளி.
வட்டி கணக்கிடும் நிரல் என்னுடையது.
அதற்கு நான் எழுதிய சோதனைகள் அறுபத்திரண்டு.
எல்லாம் பச்சை.

"நல்லதைப் பார்த்து நல்லதுன்னு சொல்ல
எதுக்குச் சோதனை?
கெட்டதைக் காட்டு, கண்டுபிடிக்குதா பாரு" என்றான் சேவுகன்,
புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

கெடுப்பதற்கென்றே ஒரு கருவி இறக்கினோம்.
ஒரு படிக்கு ஒரு கேடு, அதுதான் அதன் ஒழுக்கம்.
கூட்டலைக் கழித்தலாக்கும்.
ஆம் என்பதை இல்லை என்னும்.
ஒரு வரியைச் சத்தமில்லாமல் உருவிவிட்டு,
சீட்டுக்கட்டில் ஒன்று குறைவதைச் சொல்லாமலே
ஆடச் சொல்லும்.

இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டோம்.
ஆயிரத்து முந்நூற்றாறு திரிபுகள்.
ஒவ்வொன்றையும் என் அறுபத்திரண்டும்
வரிசையில் வந்து முகர்ந்தன.
பிடிபட்டது செத்தது.
பிடிபடாதது பிழைத்தது.

விடியலில் பிழைத்திருந்தவை நாற்பத்தொன்று.

பிழை. பிழைத்தல்.
யார் இப்படி வைத்தார்களோ,
தவறுவதற்கும் உயிரோடிருப்பதற்கும்
ஒரே வினையை.

பதினாறை விட்டுவிட்டேன்.
ஒன்றால் பெருக்குவதை
ஒன்றால் வகுப்பதாக மாற்றிய வகை.
வேஷம் மட்டும் வேறு, உள்ளே அதே ஆள்.
அவற்றைக் கொல்ல எந்தச் சோதனையாலும் ஆகாது.

மீதிக்குச் சோதனைகளைக் கருவியே எழுதிக்கொண்டது.
தேதிகளைக் கலைத்தது, தொகைகளைக் குலுக்கியது,
மூலமும் திரிபும் எங்கே வேறு விடை சொல்கின்றனவோ
அந்த இடம் வரை நடந்துபோய்
ஒரு முளை அடித்தது.
மூலம் சொல்வதே சரி என்றும் எழுதிவைத்தது.
அதற்கு வேறு யாரைத் தெரியும்?

பட்டியலில் இருபத்தேழு.
மூலத்தில்: கெடுவை எட்டினாலோ தாண்டினாலோ ஏலம்.
திரிபில்: தாண்டினால் மட்டும்.
ஒரு சமக்குறி இருக்கிறது, இல்லை.
விசைப்பலகையில் ஒரு தட்டு.

கருவி எழுதிய சோதனை:
அடகு, மார்ச் ஒன்பது.
கெடு, அடுத்த மார்ச் ஒன்பது.
மீட்க வரும் நாள், அதே மார்ச் ஒன்பது.
எதிர்பார்க்கும் விடை: ஏலம்.
ஓட்டினேன். இருபத்தேழு செத்தது.
பச்சை.

ஏனோ கீழே இறங்கிப் போனேன்.
ரசீதின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்:
கெடு நாள் உட்பட மீட்டுக்கொள்ளலாம்.

உட்பட.
அந்த ஒரு சொல்லை நான் நிரலில் ஏற்றவே இல்லை.
செத்ததுதான் சரியாகச் சொல்லியிருந்தது.

பழைய பதிவுகளைத் துழாவினேன்.
கெடு நாளன்றே ஏலப் பட்டியலில் ஏறியவர்கள் மூவர்.
மூன்றாவது: ராக்கு, புதுவயல், அரிசி ஆலை.
சங்கிலி, பதினெட்டு கிராம்.
குறிப்பு: பணத்துடன் வந்தார், மாலை 4.10.
முடிந்துவிட்டது எனத் தெரிவிக்கப்பட்டது.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு
நானும் சொல்லிட்டேன்" என்றார் அடைக்கப்பன்,
கண்ணாடியைக் கழற்றாமல்.
"சண்டை போட்டாங்களா?"
"இல்லையே. அடுத்த பஸ் எத்தனை மணின்னு கேட்டாங்க."

மாடியேறி விடையை மாற்றினேன்.
எதிர்பார்ப்பது: ஏலம் இல்லை.
சோதனைக்குப் பெயர் கேட்டது திரை.
ராக்கு, நாலு பத்து, என்று அடித்தேன்.
மூலம் சிவந்தது.
என் நிரல், என் இரண்டு வருடம், சிவந்தது.

சேவுகன் வந்தபோதும் அப்படியே கிடந்தது.
"இன்னும் சரிபண்ணலையா? ஒரே ஒரு குறிதானே."

ஒரே ஒரு குறிதான்.
அதற்கு முன்னால் நான்
புதுவயலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.