வலது காது

ஓவுலுவில் டிசம்பரில்
மாலை மயங்குகிறது என்று சொல்ல வழியில்லை.
பகல் முழுக்க மயங்கியேதான் கிடக்கிறது.
இரண்டரை மணிக்குக் கொண்டுவந்தார்கள்
தவுனோ கர்க்கைனெனை. வயது எண்பத்து நான்கு.
தபால் பெட்டி வரை போன பாதையில் பனிக்கட்டி.

மகள் அனுப்பிய மருந்துப் பட்டியல்
ஒரு போட்டோவில் அடங்கவில்லை.
இதயக் கதவொன்றில் சுண்ணாம்பு படிந்து
பென்சில் நுழையும் அளவுக்கே திறக்கிறது.
துடிப்பு தாளம் தப்பி பதினொரு வருஷம்.
அதற்காக ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை,
அந்த மாத்திரைதான் இன்று
மண்டைக்குள் மதகைத் திறந்துவிட்டது.
சிறுநீரகம் தண்ணீர் கேட்கும்.
இதயம் வேண்டாம் என்னும்.
சர்க்கரை யார் பேச்சையும் கேட்பதில்லை.

ஸ்கேனில் மூளை
பதினான்கு மில்லிமீட்டர் ஓரம் நகர்ந்திருந்தது,
பேருந்து இருக்கையில்
பருத்த ஆளுக்கு இடம் விட்டவர் போல.

"செய்யாவிட்டால்?" ஹெல்கா கேட்டாள்,
ரொவானியெமியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே.
"இன்றிரவு."
"செய்தால்? எழுந்திருப்பாரா?"
வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம்.
தெரியாது என்றேன்.
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

பல்செட் குவளைக்குள் போனது.
தாடி முகமூடியைப் பொருந்தவிடவில்லை,
வாசலின் தடவி அழுத்திப் பிடித்தேன்.
கேட்கும் கருவி இடது காதில் மட்டும்.
வெட்ட வேண்டியதும் இடப்பக்கம்.
கழற்றினேன்,
உள்ளங்கையில் கிடந்து விசிலடித்தது.
வலது காதில் குனிந்து
ஹெல்கா வருகிறாள் என்றேன்.
"அந்தக் காது கேட்காது டாக்டர்," என்றாள் நர்ஸ்.

இருபது வயதுக்காரனுக்கு ஒரே தள்ளு.
இவருக்கு அந்த வெள்ளை மருந்தைச்
சொட்டுக்குச் சொட்டு பேரம் பேசித்தான்.
என் கை எவ்வளவு மெல்லப் போனாலும்
அவர் ரத்தம் அதைவிட மெல்லப் போகிறது.
கொடுத்தது போய்ச் சேருமுன்
இன்னும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லும் அவசரம்,
அதுதான் கிழவர்களைக் கொல்வது.
காத்திருந்தேன்.
இமை விழுந்தது.

எலும்பைத் தூக்கியதும்
நூற்று எழுபது.
எழுபத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
இவ்வளவு நேரம் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது
அவரைக் கொன்றுகொண்டிருந்த அந்த அழுத்தம்தான்.
வழக்குத் தீர்ந்த மறுநாள்
படுத்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.
தெரிந்துதான் ஊசியைத் தயாராக வைத்திருந்தேன்,
தெரிந்தும் விரல் குளிர்ந்தது.
அறுபத்தி நான்கு.
அறுபத்தி நான்கு.
எண்பது.
அறுவை மருத்துவர் தலை நிமிரவேயில்லை.

எட்டு மணிக்கு ஹெல்கா,
பூட்ஸில் பனி உருகி வார்டெல்லாம் ஈரம்.
குழாய் இன்னும் தொண்டையில்.
இடது காது கட்டுக்குள்.
அவள் சுற்றி வந்து
வலது காதில் நெடுநேரம் ஏதோ சொன்னாள்.
நர்ஸ் என்னைப் பார்த்தாள்.
இருக்கட்டும் என்று கையசைத்தேன்.

பெயரெழுதிய உறையில் கருவியைக் கொடுத்தேன்.
அணைக்க மறந்திருக்கிறேன்,
அவள் கோட்டுப் பையில் அது
விட்டுவிட்டு விசிலடித்தது.