பத்தொன்பது கோடுகள்

குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
வலிப்பு வராத நாளுக்கு ஒரு கோடு.
பத்தொன்பது கோடுகள்.
அதற்கு முன் இரண்டைத் தாண்டியதில்லை.

கரண்டித் தண்ணீரில் மாத்திரை கரைவதை
மிய்யாராய் மூக்கு நுனி நனையக் குனிந்து பார்ப்பாள்.
"உள்ளே மீன்குஞ்சு மூச்சு விடுது, அப்பா."
குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள்,
மீனை விழுங்கியதற்குச் சாட்சியாக.

பிறகு காய்ச்சல். கண்ணில் சிவப்பு.
வால்திவியாவின் ஜூலை மழையில்
எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை?
கழுத்தில் பொட்டுப் பொட்டாய்த் தடித்திருந்தது.
கம்பளிச் சட்டை உறுத்தியிருக்கும் என்றேன் ரயேனிடம்.
அன்றிரவும் கரைத்தேன்.
மறுநாள் காலையும் கரைத்தேன்.
அந்த இரண்டு கரண்டிகளை
இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உதடு வெடித்துவிட்டது.
தூக்கலாம் என்று அக்குளில் கை கொடுத்தேன்.
என் விரலோடு வந்தது தோல்,
ஆறிய பாலின் ஆடை வருவதுபோல.

விமானத்தில் சான்டியாகோ. தீக்காயப் பிரிவு.
"எந்தத் தீ?" என்றாள் தரை துடைக்கும் பெண்.
"மருந்து" என்றேன்.
துடைப்பத்தை நிறுத்தி
என் கைகளைப் பார்த்தாள்.

செவிலி எடுவிஹிஸ் இரண்டு மணிக்கொரு தரம்
இமையும் விழியும் ஒட்டிப்போகாமல்
கண்ணாடிக் குச்சியால் பிரித்துவிட்டாள்.
மிய்யாராய் கத்தவில்லை. கத்துவதற்கும்
வாயில் தோல் வேண்டும்.
தொடக்கூடாத பிள்ளையை எப்படித் தேற்றுவது?
கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நான்காம் இரவு வலிப்பு வந்தது.
பழைய ஆள்தான், வழி மறக்காமல்.
களிம்புத் துணிக்குள் அந்தச் சின்ன உடம்பு வெட்டி வெட்டி இழுக்க,
பிடிக்கவும் முடியாமல் நின்ற நான்
அந்த மாத்திரையை நினைத்தேன்.
திட்டுவதற்காக இல்லை.
ஏங்கினேன்.
ரயேனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நகங்கள் பத்தும் உதிர்ந்தன.
செப்டம்பரில் வீடு திரும்பும்போது
அரிசிமுனை அளவில் புதியவை எட்டிப் பார்த்தன.
அவள் பெயரோடு ஒரு சிவப்பு அட்டை தந்தார்கள்:
இந்த மருந்து ஆகாது, எக்காலமும்.
பனிமூட்டத்துக்குக்கூட இப்போது கண்ணைச் சுருக்குகிறாள்.

புதிய மருந்து சிரப். நுரைப்பதில்லை.
"மீன்குஞ்சு எங்கே?"
"ஆற்றுக்குப் போயிடுச்சு."
நம்பவில்லை.

சுவரில் கோடுகள் அப்படியே இருக்கின்றன.
இருபதாவதைப் போடக் கை வரவில்லை,
சில வாரம் அதற்குத் தகுதி இருந்தும்.
இரவில் டார்ச் அடித்து
அவள் கழுத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறேன்.
கூசுது, கூசுது என்று நெளிகிறாள்.

கூசட்டும்.