கருமாத்தூர் நிற்காது

சந்தியாகு மில்லில் மோட்டார் சுற்றுகிறவர்.
கல்யாணமான மூன்றாம் மாதம்
வாடகை வீட்டின் பெரிய அறையைத் திறந்து
இது மதுரை ஜங்ஷன், அந்தச் சுவர் போடி என்றார்.
நாம் எங்கே படுப்பது என்று கேட்டேன்.
உசிலம்பட்டிக்குக் கீழே, என்றார்.
முப்பது வருஷமாக அங்கேதான் படுக்கிறோம்.

கடையில் விற்கிற பொம்மைத் தண்டவாளம்
அகலம் ஜாஸ்தியாம்.
நம்முடையது மீட்டர் கேஜ்,
எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால்
பதினொன்றரை மில்லிமீட்டர்,
அந்த அளவில் எவனும் செய்து விற்கவில்லை.
குடைக்கம்பிகளை நிமிர்த்தினார்.
சாத்தூரிலிருந்து மருந்து தோய்க்காத தீக்குச்சி
ஒரு சாக்கு வந்து இறங்கியது.
டிகாஷனில் ஊறவைத்து, உலர்த்தி,
ஒவ்வொன்றாகக் கட்டையென்று அடுக்கினார்.
ஜல்லியைச் சலித்தது என் மாவுச் சல்லடையில்.
அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முறுக்கு
எல்லார் பல்லிலும் நறநறத்தது.

இந்தியாவிலேயே முதல் ஆள் என்று
பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.
எனக்குத் தெரியாது.
எங்கள் தெருவில் முதல் ஆள்.
வட்டிக்காரர் கதவைத் தட்டியபோது
ஆண்டிபட்டிக்கு அடியில் ஒளிந்த முதல் ஆளும் அவர்தான்.

பிள்ளைகள் குகை கேட்டார்கள்.
அந்தக் கணவாயில் குகை கிடையாது,
பாறையை மேலிருந்தே வெட்டித் திறந்திருக்கிறான் என்றார்.
சின்னவன் புரண்டு புரண்டு அழுதான்.
அழுதாலும் கிடையாது.

வைகையில் தண்ணீரும் கிடையாது.
அளவெடுக்கப் போனது சித்திரையில்.
மணலைப் பார்த்தார், மணலை வைத்தார்.

அப்புறம் ஓர் ஐப்பசியில்
மேல்தளம் ஒழுகத் தொடங்கியது,
ராத்திரி இரண்டு மணி,
சரியாகப் பாலத்துக்கு மேலே.
குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
வைக்காதே செசிலி,
ஆறு வந்திருக்கு, என்றார்.
சிவப்பு மையில் ஓர் உத்தரவு எழுதி
பாலத்துக்கு முன்னால் குத்தினார்:
வேகம் பதினைந்து.
விடியும்வரை நான் டார்ச் பிடித்தேன்.
ஓர் இஞ்சினும் மூன்று பெட்டியும்
நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல
அக்கரைக்குப் போயின.

இத்தனை நேர்மையான மனுஷன்
என் ஊரை எடுத்துவிட்டார்.

தொண்ணூறு கிலோமீட்டரைப்
பதினாலு அடிக்குள் மடக்கினால்
சில ஊர் போகத்தான் செய்யும்.
வாலாந்தூர் போனது,
அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை.
கருமாத்தூரும் போனது.
நான் ஞானஸ்நானம் வாங்கிய கருமாத்தூர்.
பெண் பார்க்க வந்தவர்
என்னைவிட அதிக நேரம்
ஸ்டேஷன் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த
அதே கருமாத்தூர்.
செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே
இப்போது ஒன்றரை முழம் வெறும் செம்மண்.
இடமில்லை செசிலி.
ஒரு வாரம் நான் பேசவில்லை.
அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

போன தையில் கண்ணில் புரை எடுத்தார்கள்.
கட்டோடு கட்டிலில் கிடந்தேன்.
முதல் தடவையாக
ரயிலைக் காதால் மட்டும் பார்த்தேன்.
மதுரையில் கிளம்பும்.
செக்கானூரணியில் நிற்கும். கிளம்பும்.
மறுபடி நிற்கும்.

உசிலம்பட்டி என் தலைக்கு மேலே,
அது வரவில்லை என்று எனக்குத் தெரியாதா?
எண்ணினேன்.
அறுபது எண்ணியதும் சக்கரம் நகர்ந்தது.
மறுநாளும் அறுபது.
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்தபிறகும் அறுபது.

ஏங்க, இப்போ எதுக்கு நின்னுச்சு?
சிக்னல், என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று
அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம்
முழங்காலிட்டு, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அந்த ஒன்றரை முழத்தையும்
விரலால் தடவித் தடவித் தேடினேன்.
சிக்னல் கிடையாது.